வலது அக்குள்

"வாயைத் திறக்கக்கூடாது!" என்றார் சோமசேகரம்.

தவராசா திறக்கவில்லை. அவனுடைய நாக்கின் கீழே தெர்மோமீற்றர் இருந்தது. தொண்டைக்குள்ளே ஓர் உண்மை இருந்தது. முதலாவது வெளியே எடுக்கப்படும்வரை இரண்டாவது வெளியே வர வழியில்லை. "ம்ம்... ம்ம்..." என்று மேசையில் இருந்த கோப்பையைக் கையால் காட்டினான்.

"கதையாதையும் எண்டுறன். காத்துப் போனால் கணக்குப் பிழைக்கும்."

சோமசேகரம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ஆய்வுகூட உதவியாளர். பிள்ளைகள் உடைத்த கண்ணாடிக் குழாய்களை வருடக்கணக்காகக் கூட்டி அள்ளியதில் விஞ்ஞானமும் தன்னோடு ஒட்டிக்கொண்டுவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. அவர் அக்காவின் புருஷன். அக்கா வீட்டில்தான் தவராசாவுக்குச் சாப்பாடும் படுக்கையும். ஆகவே அந்த நம்பிக்கையை அவன் ஒருநாளும் மறுத்ததில்லை.

அவர் தெர்மோமீற்றரை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்.

"நூறு தசம் ஆறு."

"ஐயோ, என்ர பிள்ளையாரே!" என்று அகப்பையோடு குசினி வாசலில் நின்ற கமலேஸ்வரி அக்கா தலையில் கைவைத்தாள். "நான் காலமையே சொன்னனான் எல்லோ, நெத்தி கொதிக்குது எண்டு!"

காலையில் கிணற்றுத் தண்ணீரில் அரிசி களைந்த கையோடு வந்துதான் அவள் தம்பியின் நெற்றியைத் தொட்டிருந்தாள். அந்தக் கைக்குச் சுவரும் கொதித்திருக்கும்.

"அத்தான், இப்பதான் சுடச்சுடப் பிளேன்ரீ குடிச்சனான்," என்றான் தவராசா, வாய் விடுதலையான கையோடு.

"அதை முதலே சொல்லியிருக்கலாமே?"

"வாயைத் திறக்கக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னியள்?"

வேறு நாளாக இருந்தால் இந்தக் கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் அன்றைக்கு அவன் கப்பலேற வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடிக் கிடந்த காலம் அது. போகவேண்டியவர்கள் பெயரைப் பதிந்துவிட்டு, தங்கள் முறை வரும்வரை காத்துக் கிடந்து, திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பலேற வேண்டும். தவராசாவின் முறை இன்றைக்குத்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் அவனுக்குக் கல்யாணம். இது நான்காவது முகூர்த்தம். முதலாவதைப் பாதை மூடிக் கெடுத்தது. இரண்டாவதை ஊரடங்கு கெடுத்தது. மூன்றாவதுக்குக் கப்பலே ஓடவில்லை. பெண்ணின் தகப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. 'இந்தமுறையும் மாப்பிள்ளை வராவிட்டால் பெண் கேட்டு வந்திருக்கிற சுவிஸ்காரனுக்கு ஓம் சொல்லப்போறம்' என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். வந்த ஆள் போகும்போது தவராசாவைத் தனியே கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். பெண் குணேஸ்வரி, தகப்பனுக்குத் தெரியாமல், 'எப்பிடியாவது வரச்சொல்லுங்கோ' என்று சொல்லிவிட்டாளாம்.

கூட்டுறவுக் கடையில் கணக்கெழுதி முப்பத்தாறு வயதை எட்டிய தவராசாவை அதுவரை யாரும் எப்படியாவது வா என்று கூப்பிட்டதில்லை. அந்த ஒரு சொல்லை நினைத்தே அவன் இரவில் நித்திரையை விட்டான். நித்திரை விட்டதால் கண் சிவந்தது. கண் சிவந்ததைப் பார்த்துத்தான் அக்கா நெற்றியைத் தொட்டாள்.

ஊரெல்லாம் மலேரியா. காய்ச்சல்காரரைக் கப்பலில் ஏற்றுவதில்லை என்று கதை. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் எழுதி ஒட்டியதைவிடக் கதைக்குத்தான் மதிப்பு.

"சரி, கமக்கட்டில வைச்சுப் பாப்பம்," என்றார் சோமசேகரம்.

அக்குளில் தெர்மோமீற்றரை இடுக்கிக்கொண்டு தவராசா கதிரையில் கூனிக் குந்தியிருந்தான். எடுத்துப் பார்த்தபோது தொண்ணூற்றெட்டு தசம் நாலு.

"பாத்தீங்களே! ஒண்டுமில்லை!" என்று அவன் எழும்பினான்.

"இரும். அவசரப்படாதையும். உடம்பு எண்டது ஒரு வீடு மாதிரி. குசினியில சூடு, விறாந்தையில குளிர். வாய் எண்டது குசினிக்குப் பக்கத்து அறை. இரத்தம் கிட்ட ஓடுது. கமக்கட்டு விறாந்தை. வேர்வை, காத்து, மேல்தோல். அங்க எப்பவும் ஒரு டிகிரி குறைச்சுத்தான் காட்டும். அதால கமக்கட்டில பாத்தால் ஒண்டு கூட்டவேணும்."

"அப்ப குசினி எது அத்தான்?"

சோமசேகரத்தின் பார்வை மெதுவாக அவனுடைய சாரத்தின் பின்பக்கம் போனது.

"அதுதான் உள்வழி. குழந்தைப்பிள்ளையளுக்கு டொக்டர்மார் அதுக்குள்ளதான் வைக்கிறவை. அதுதான் சரியான கணக்கு. இரும், கொஞ்சம் எண்ணெய் எடுத்துக்கொண்டு வாறன்."

தவராசா சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டான். "எனக்குச் சரியான கணக்கு வேண்டாம் அத்தான். விறாந்தைக் கணக்குப் போதும்."

"விருப்பமில்லாட்டி விடும். கமலேஸ்! ஒண்டு கூட்டினால் தொண்ணூத்தொன்பது தசம் நாலு!" என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"கமக்கட்டில பாத்ததோ?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

"ஓம்."

"அப்ப ஒண்டு கூட்டவேணுமே. நூறு தசம் நாலு!" என்று அவள் அங்கலாய்த்தாள். உடனே வேலியடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுச் சுபைதாவிடம், "தம்பிக்குக் கமக்கட்டிலயே நூறு தசம் நாலு" என்று மூக்கைச் சிந்தினாள். சுபைதாவும் நாலு பிள்ளை வளர்த்தவள். அவளுக்கும் அந்த ஒரு டிகிரிக் கணக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் அவளுடைய புருஷன் அபூதாஹிர் சாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"தம்பிக்கு நூத்தியொண்டரையாமே!"

நல்லவேளை, அந்த ஒழுங்கையில் அதற்கப்பால் வீடு இல்லை. இருந்திருந்தால் மத்தியானத்துக்குள் தவராசாவுக்குச் சாவீட்டுக் கொட்டகை போட்டிருப்பார்கள்.

அபூதாஹிர் நானா துறைமுக வீதியில் சின்னக் கடை வைத்திருந்தார். சர்பத், சோடா, ஐஸ் பக்கற். கப்பலுக்கு வரிசையில் நிற்கிறவர்கள்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். ஆகவே கப்பலடி விஷயத்தில் அவர் சொன்னால் அது வானொலிச் செய்திக்கு மேல்.

"நானா, அங்க எப்பிடிச் சோதிக்கிறாங்கள்?" என்று தவராசா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"முன்ன மாதிரி இல்ல தம்பி. முந்தி துவக்க நீட்டி, சேட்டக் கழட்டு, தோளக் காட்டு எண்டு எவ்வளவு கரைச்சல்! வாத்திமார் சண்டை, கிழவன்மார் அழுகை, வரிசை நகராது. இப்ப நல்ல மரியாதை. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருத்தர் தெர்மோமீற்றரோட நிக்கிறார். சேட்டைத் திறக்கணும், கைய உசத்தணும், கமக்கட்டுல வைக்கிறார். அவ்வளவுதான்."

துவக்கைச் சுமந்து திரிந்த இயக்கக்காரனுக்குத் துப்பாக்கிப் பட்டி அழுந்தித் தோளில் தழும்பு விழுந்திருக்கும் என்று சந்திக்குச் சந்தி ராணுவம் ஆம்பிளைகளின் தோளைத் தடவிப் பார்த்த காலமாக இருந்தது. அந்தத் தொல்லையாவது கப்பலடியில் ஒழிந்ததே என்று அக்கா பெருமூச்சு விட்டாள். தவராசாவுக்கு அதில் ஒருநாளும் பயமில்லை. அவன் தோளில் இதுவரை ஏறிய பாரம் துவாய் ஒன்றுதான்.

"காய்ச்சல் இருந்தா?" என்று அவன் கேட்டான்.

அபூதாஹிர் குரலைத் தாழ்த்தினார். "போன கப்பலுக்கு மூணு பேரைப் பிடிச்சி ஒதுக்கினாங்க. வச்சி எடுத்த உடனேயே. ஒருத்தன் சல்லி ஊர்ப் பெடியன். பாத்தா நல்ல சுகதேகியாத்தான் நிண்டான். உள்ளுக்குக் காய்ச்சல் போல. வாகனத்துல ஏத்திக்கொண்டு போனாங்க."

"ஆஸ்பத்திரிக்கோ?"

"வேற எங்க? ஆனா எந்த ஆஸ்பத்திரி எண்டுதான் தாய்க்காரிக்குத் தெரியல்ல. இன்னும் தேடிக்கொண்டு இரிக்கிறா."

தவராசா அவருடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். "எத்தினை டிகிரிக்கு மேல போனால் பிடிக்கிறாங்கள்?"

"அது ஆருக்குத் தெரியும்?"

"வாய்க் கணக்கோ, கமக்கட்டுக் கணக்கோ?" என்று சோமசேகரம் குறுக்கிட்டார். "கூட்டின கணக்கோ, கூட்டாத கணக்கோ? அதைக் கேக்கவேணும்."

"கேக்கிற மாதிரி ஆக்களா அங்க நிக்கிறாங்க?" என்றார் அபூதாஹிர். பிறகு எதையோ நினைத்துக்கொண்டவராக, "ஒரு விசயம். எல்லாருக்கும் வலது கமக்கட்டுத்தான். ஒருத்தன் மட்டும் இடக்கையால காசு குடுத்து எங்கிட்டச் சோடா வாங்கினான். வெள்ளைக் கோட்டு அதப் பாத்துக்கொண்டே நிண்டார். பிறகு அவனுக்கு மட்டும் இடப்பக்கம் வச்சார்."

"சரிதானே," என்று சோமசேகரம் தலையாட்டினார். "புழங்கிற கைக்கு இரத்த ஓட்டம் கூட. சூடும் கூட. விஷயம் தெரிஞ்ச மனுசன்."

அதற்குப் பிறகு வைத்தியம் ஆரம்பமானது. முதலில் இரண்டு பனடோல் மாத்திரை. அவை அரை மணி நேரத்தில் தவராசாவை வேர்வையில் தோய்த்தன. வேர்வையைக் கண்ட அக்கா, "காய்ச்சல் விடுகுது" என்றாள். "அப்ப காய்ச்சல் இருந்ததுதானே" என்று சோமசேகரம் வெற்றியோடு சொன்னார். இல்லாத காய்ச்சல் அந்த நிமிடத்தில் உறுதியானது.

வேர்வை நாற்றத்தோடு கப்பலேறி மாப்பிள்ளையாகப் போய் இறங்க முடியாதென்று தவராசா யாருக்கும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போய் ஐந்தாறு வாளி அள்ளி ஊற்றிக்கொண்டான். குளிர்ந்தால் கணக்கும் குறையுமே என்பது அவனுடைய சொந்த விஞ்ஞானம். பல்லுக்கிட்டியபடி உள்ளே வந்தவனை அக்கா பார்த்தாள்.

"அறிவு கெட்டவனே! காய்ச்சலோட முழுகிறியோ? சன்னி வந்து சாகப்போறாய்!"

அவள் துவாயைச் சுடுதண்ணீரில் பிழிந்து அவன் முதுகிலும் நெஞ்சிலும் இரண்டு அக்குள்களிலும் அழுத்தி ஒத்தடம் கொடுத்தாள். வாயில் கொதிக்கக் கொதிக்க மல்லித் தண்ணியை ஊற்றினாள். எல்லாம் முடிந்த பிறகு சோமசேகரம் தெர்மோமீற்றரை உதறி அக்குளில் வைத்தார்.

எடுத்துப் பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அதுதான் தவராசாவைப் பயமுறுத்தியது.

"எவ்வளவு அத்தான்?"

"நூற்றிரண்டு. கூட்டாமலே."

இவ்வளவு நேரமும் தனக்குக் காய்ச்சல் இல்லை என்று மனதின் ஒரு மூலையில் தெரிந்து வைத்திருந்த தவராசா, அந்த மூலையையும் இழந்தான். தொட்டால் கை சுட்டது. கை சுட்டதா நெற்றி சுட்டதா என்று தெரியவில்லை. வாய் கசந்தது; மல்லித் தண்ணி கசக்கும் என்பது அந்நேரம் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அவன் கண்ணுக்குள் குணேஸ்வரி சுவிஸ்காரனுக்குப் பக்கத்தில் மணவறையில் இருந்தாள். அவள் தலையைக் குனிந்திருந்தாள். அழுகிறாளா என்று பார்க்க முடியவில்லை.

"நான் போகவேணும்," என்றான். "எப்பிடியாவது போகவேணும்."

அக்காவுக்கும் அழுகை வந்துவிட்டது. அப்போதுதான் அபூதாஹிர் நானா அந்த யோசனையைச் சொன்னார்.

"முழு உடம்பையும் ஏன் தம்பி குளிராக்கணும்? அவங்க பாக்கிறது ஒரு இடம். அந்த இடத்த மட்டும் குளிராக்கினாப் போதும்."

கடைக்கு ஓடிப்போய் ஒரு ஐஸ் பக்கற்றோடு வந்தார். நீளமான பொலித்தீன் பையில் இறுகிய சர்பத் ஐஸ். நிறம் நல்ல சிவப்பு.

"வெள்ளை இல்லையோ நானா?"

"வெள்ளை முடிஞ்சி போச்சி. நிறத்துக்கு என்ன? குளிர் ஒண்டுதானே."

இதில் சோமசேகரத்தின் விஞ்ஞானமும் சேர்ந்தது. பழைய பயணப் பையின் தோள்பட்டியை அறுத்தெடுத்து, பக்கற்றை வலது அக்குளில் வைத்து, பட்டியைத் தோளுக்கு மேலால் போட்டு நெஞ்சைச் சுற்றி இழுத்துக் கட்டினார். "இறுக்கினால்தான் குளிர் இறங்கும்" என்று முழங்காலை முதுகில் ஊன்றி இன்னும் ஒரு இழுவை இழுத்தார். தவராசாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்கு மேலே கல்யாணத்துக்கென்று தைத்த வெள்ளைச் சேர்ட்டைப் போட்டான்.

"வரிசையில கிட்டப் போனவுடன பக்கற்றைக் கழட்டி எறிஞ்சு போடும்," என்றார் சோமசேகரம்.

"எல்லாரும் பாக்க எப்பிடி அத்தான் சேர்ட்டுக்குள்ள கையைவிட்டுக் கழட்டுறது?"

சோமசேகரம் பையைத் தூக்கிக்கொண்டு, "கப்பலுக்கு நேரமாச்சு," என்றார்.

கப்பல் கொட்டகைக்கு முன்னால் மத்தியான வெயில் நெருப்பாக எறித்தது. வரிசை நீண்டு கிடந்தது. அக்காவும் அத்தானும் அபூதாஹிரும் கம்பி வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தார்கள். தவராசா வலது கையை உடம்போடு ஒட்டவைத்து, இடக்கையில் பையோடு நகர்ந்தான். முதலில் ஐஸ் குத்தியது. பிறகு மரத்தது. பிறகு உருகத் தொடங்கியது.

முன்னால் நின்ற கிழவர் திரும்பினார். அவருடைய கண் தவராசாவின் விலாவில் நின்றது.

"தம்பி... இரத்தம்!"

குனிந்து பார்த்தான். வெள்ளைச் சேர்ட்டில் அக்குளிலிருந்து இடுப்புவரை சிவப்பு இறங்கியிருந்தது.

"அது... அது சர்பத் ஐயா."

கிழவர் அவனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அந்த இரண்டு பேரும் அதற்கடுத்த இரண்டு பேருக்குப் பின்னால் போனார்கள். தவராசா கண்மூடித் திறப்பதற்குள் வரிசையில் முதலாவது ஆளாக இருந்தான்.

பையை முன்னால் அணைத்து அந்தச் சிவப்பை மறைத்துக்கொண்டான். இருந்தும் ஒரு துளி செருப்பில் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டது.

"ஐசி!" என்றான் மேசைக்குப் பின்னால் இருந்த சிப்பாய்.

அடையாள அட்டை சேர்ட்டுப் பையில் இருந்தது. வலக்கையைத் தூக்கினால் பக்கற் வழுகும். பையை முழங்காலால் மேசையோடு அண்டவைத்துக்கொண்டு, இடக்கையால் எடுத்து நீட்டினான். நீட்டிய பிறகுதான் இடக்கையால் சோடா வாங்கியவனின் ஞாபகம் வந்தது. சிப்பாய் அந்தக் கையைப் பார்த்தான். வெள்ளைக் கோட்டுக்காரனுக்குக் கண்ணால் ஏதோ காட்டினான்.

வெள்ளைக் கோட்டுப் போட்டவன் ஸஹாப்தீன் என்ற சிற்றூழியன். இளவயது, முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு. "வாங்க அண்ணன், பயப்பிடாதீங்க. சேட்டைத் திறந்து இடது கைய உசத்துங்க," என்றான்.

தவராசாவின் இடது அக்குள் அக்காவின் ஒத்தடச் சூடும் மத்தியான வெயிலும் சேர்ந்து தகித்துக்கொண்டிருந்தது.

"வலது வையுங்கோ தம்பி," என்றான் அவன், கையைத் தூக்காமல். "எல்லாருக்கும் வலதுதானே?"

ஸஹாப்தீனின் சிரிப்பு நின்றது. "வலதுதான் வேணும் எண்டு ஏன் அண்ணன் கேக்கிறீங்க?"

"இல்லை... நான் வலக்கைக்காரன். சத்தியமா வலக்கைக்காரன்."

"ரெண்டு கையும் தூக்கு!" என்று சிப்பாய் எழும்பினான்.

தவராசா தூக்கினான். பட்டி நழுவியது. சிவப்பாக, நீளமாக, பட்டி சுற்றிய ஒரு பொருள் சேர்ட்டுக்குள்ளிருந்து மண்ணில் சொத்தென்று விழுந்தது.

அதன் பிறகு என்ன நடந்தது என்று யாரும் ஒழுங்காகச் சொல்லமாட்டார்கள். 'குண்டு!' என்று ஒரு கூச்சல். துவக்குகள் நிமிர்ந்தன. வரிசை நாலாபக்கமும் சிதறியது. பெண்கள் பெட்டிகளின் மேல் விழுந்து படுத்தார்கள். கொட்டகைக்கு முன்னால் வெட்டவெளியில் பக்கற் மட்டும் தனியே கிடந்தது. எல்லாத் துவக்கும் அதைப் பார்த்தது; ஒரு துவக்கு மட்டும் தவராசாவைப் பார்த்தது. அவன் இரண்டு கையையும் தூக்கியபடி நின்றான். 'ஐஸ்' என்று சொல்ல வாயைத் திறந்தான். காலையில் தெர்மோமீற்றர் இருந்தபோது வந்த அதே சத்தம்தான் வந்தது.

"ம்ம்..."

அப்போது கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து, பட்டினத்துத் தெருவெல்லாம் மாடுபோலத் திரிகிற மான்களில் ஒன்று வந்தது. திருகோணமலைப் பட்டினத்தில் பாஸ் இல்லாமல் எங்கேயும் போகக்கூடிய சீவன் அது ஒன்றுதான். ஒரு பக்கம் துவக்குகளையும் மறுபக்கம் படுத்துக் கிடந்த சனத்தையும் ஏனென்று பார்க்காமல், நேரே பக்கற்றடிக்குப் போய் மூக்கை வைத்தது.

"சூய்!" என்று ஒரு கிழவி படுத்தபடியே அடித்தொண்டையில் கத்தினாள்.

மான் பக்கற்றை நக்கியது. சனம் காதைப் பொத்திக்கொண்டது. மான் இன்னொரு தரம் நக்கியது. பிறகு ஒரு மூலையைக் கடித்து, தலையை உதறி, சர்பத்தை உறிஞ்சத் தொடங்கியது. அதன் மூக்கும் தாடையும் சிவந்துபோயின. வெடிக்கவில்லை.

அதிகாரி மெல்ல வந்து, குனிந்து, விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"மே மொக்கத?" என்று கேட்டுவிட்டு, "இது என்ன?" என்று தமிழிலும் கேட்டார்.

"ஐஸ் பக்கற் சேர்," என்றான் தவராசா. அழுதுவிட்டான். "காய்ச்சல் சேர். இல்லை, காய்ச்சல் இல்லை சேர். கல்யாணம் சேர்!"

வேலிக்கு வெளியே இருந்து சோமசேகரம் கையை உயர்த்தினார். "சேர்! வாய்க்கும் கமக்கட்டுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம்! அதாலதான்!"

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு படுத்திருந்தவர்கள் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். துவக்குப் பிடித்தவர்களும் சிரித்தார்கள். அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. அவர் தவராசாவின் சேர்ட்டை விலக்கி வலது தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டி இறுகிய இடத்தில் விரல் அகலத்துக்குச் செக்கச்சிவந்த ஒரு தழும்பு தடித்திருந்தது. அதைப் பெருவிரலால் மெதுவாகத் தடவினார். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

அன்றைக்கு முழுக்கத் தவராசா பட்டதெல்லாம் பயம் இல்லை, இதுதான் பயம் என்று அவனுக்குத் தெரிந்தது. குணேஸ்வரியின் முகத்தை நினைக்கப் பார்த்தான். வரவில்லை.

அதிகாரி மண்ணில் கிடந்த பட்டியை எடுத்தார். அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். தழும்பும் பட்டியும் அச்சொட்டாகப் பொருந்தின. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பட்டியைத் தவராசாவின் கையில் கொடுத்து, ஸஹாப்தீனுக்குத் தலையை ஆட்டினார்.

ஸஹாப்தீன் தெர்மோமீற்றரை வலது அக்குளில் வைத்தான், எடுத்தான். இடது அக்குளில் வைத்தான், எடுத்தான். வைத்ததற்கும் எடுத்ததற்கும் இடையில் ஒரு தும்மல்கூடப் போட நேரமில்லை. சோமசேகரம் கண்டிருந்தால் கடிந்திருப்பார்.

"ஹரி, யன்ன," என்றார் அதிகாரி, கப்பல் பக்கம் கையைக் காட்டி. போகலாம்!

வேலிக்கு வெளியே அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கோணேசரைக் கும்பிட்டாள். அபூதாஹிர் நானா, "கல்யாணச் சோறு எங்களுக்கும் இரிக்கி!" என்று கத்தினார். ஸஹாப்தீனே தவராசாவின் பையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏணிவரை வந்தான்.

ஏணியில் ஒரு காலை வைத்த பிறகும் தவராசாவால் அடக்க முடியவில்லை. வாயில் ஒரு கணக்கு, அக்குளில் ஒரு கணக்கு, கூட்டி ஒன்று, கூட்டாமல் ஒன்று என்று காலையிலிருந்து அலைக்கழிந்தவன், அரசாங்கக் கணக்கையாவது தெரிந்துகொண்டு போய்க் குணேஸ்வரிக்குச் சொல்ல விரும்பினான்.

"தம்பி, கடைசியா எனக்கு எவ்வளவு காட்டினது?"

ஸஹாப்தீன் முன்னும் பின்னும் பார்த்தான். கோட்டுப் பையிலிருந்து தெர்மோமீற்றரை எடுத்து அவன் கண்ணுக்கு முன்னால் பிடித்தான். நுனி உடைந்திருந்தது. உள்ளே ரசம் ஒரு பொட்டும் இல்லை. வெறும் கண்ணாடிக் குழாய்.

"இது உடைஞ்சி கனகாலம் அண்ணன்."

தவராசா உடைந்த நுனியை விரலால் தொட்டுப் பார்த்தான். "அப்ப... போன கப்பலுக்கு அந்த மூண்டு பேருக்கும் காய்ச்சல் எண்டு என்னெண்டு கண்டுபிடிச்சனீங்கள்?"

"காய்ச்சல் ஆருக்கு அண்ணன் வேணும்?" என்றான் ஸஹாப்தீன், பையை அவனிடம் கொடுத்தபடி. "கைய உசத்தினாத்தானே தோள் தெரியும்."